ஒண்ணுமே பண்ணலை, சத்தம் மட்டும் போயிருச்சு

எந்த ஊர்ல வேணாலும் கம்ப்யூட்டருக்குத் தொண்டை கட்டிக்கலாம். திருவையாத்துல, அதுவும் ஆராதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கட்டிக்கக் கூடாது. இந்த 2026 ஆராதனைக்கு முன்னாடி எங்க வீட்ல அதுதான் நடந்துச்சு.

அப்பா போன் பண்ணார்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல படம் ஓடுது. சத்தம் வரலைப்பா."

நான் ஆபீஸ்ல மும்முரமா ஆணி புடுங்கிக்கிட்டிருந்த நேரம். பொட்டி தட்டுற எல்லாருக்கும் தெரிஞ்ச மூலமந்திரத்தைச் சொன்னேன்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"ரெண்டு வாட்டி பண்ணிட்டேன்."

"என்னத்தை மாத்துனீங்க?"

"நான் ஒண்ணுமே பண்ணலைப்பா."

"சரி, கடையில கொண்டு போய்க் குடுங்க. அவங்க பாத்துக்குவாங்க."

மொத்தம் ஒன்றரை நிமிஷம். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சு, அடுத்தவன் எழுதின ப்ரோகிராம்ல பிழை தேடியே சம்பளம் வாங்குற நான், பெத்த அப்பாவுக்குச் செஞ்ச தொழில்நுட்ப உதவி இவ்வளவுதான். அதனால இந்தப் பதிவுல அதிகமா அடி வாங்கப்போறது நான்தான். உங்கள்ல சில பேருக்கும் விழும், தாங்கிக்கங்க :-)

அப்பாவுக்கு ஏன் அந்தப் பொட்டி முக்கியம்னு சொல்லிடறேன். ரெண்டு வருஷமா முட்டி வலி. புஷ்ய பகுள பஞ்சமி அன்னிக்குக் காவிரிக்கரையில, அந்தக் கூட்டத்துல சம்மணம் போட்டு உக்கார முடியாது. அதனால வீட்லயே ஈசி சேரைப் போட்டு, கம்ப்யூட்டர்ல நேரலையை வச்சுக்கிட்டு பஞ்சரத்னம் கேப்பார். நாட்டையில ஆரம்பிச்சு கௌளை, ஆரபி, வராளின்னு போய் ஸ்ரீராகத்துல முடியற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். செல்போன்ல கேக்கலாமேன்னா, "தகர டப்பா மாதிரி இருக்கு"ம்பார்.

என்னை நம்பி மனுஷன் சிபியூவை ஒரு கட்டைப்பையில போட்டுத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறிட்டார். திருவையாறுக்கும் தஞ்சாவூருக்கும் பதின்மூணு கிலோமீட்டர், நடுவுல அஞ்சு ஆறு. அவ்வளவு பாலத்தையும் முட்டி வலியோட, மடியில சிபியூவை வச்சுக்கிட்டுத் தாண்டிப் போயிருக்கார்.

கடையில இருந்த பையன் எனக்கு போன் போட்டுக் குடுக்கச் சொல்லியிருக்கான்.

"சார், டிரைவர் கரப்ட் ஆயிருக்கும். விண்டோஸ் 10 வேற, சப்போர்ட் முடிஞ்சு போச்சு. பார்மட் அடிச்சு புதுசா ஓ.எஸ். போட்டுட்டா சரியாயிரும். ஒரு மணி நேரம்தான்."

நானும் "சரிங்க"ன்னு சொல்ல வாயைத் திறந்துட்டேன். பின்னாடி இருந்து அப்பா குரல் கேட்டுச்சு.

"தம்பி, உள்ள அத்தை பாட்டு இருக்கே. அது போயிருமாப்பா?"

எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு.

எங்க அத்தை திருவையாறு அரசு இசைக்கல்லூரியில படிச்சவங்க. மேடைப் பாடகி எல்லாம் இல்லை. ஆராதனைக் கூட்டத்துல பின்வரிசையில உக்காந்து பாடுவாங்க, வீட்ல பக்கத்துப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க. அவங்க பாடினதை அப்பா பழைய டேப் ரெக்கார்டர்ல பிடிச்சு வச்சிருந்தார், பதினோரு கேசட். நான் ஸ்கூல் படிக்கறப்ப லீவுல உக்காந்து, டேப் ரெக்கார்டர்ல இருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டரோட நீலக் குழியில சொருகி, ஒவ்வொண்ணா ஏத்தினேன். கேசட்டுக்கு அப்புறம் பூஞ்சை புடிச்சிருச்சு. அத்தை 2019-ல போயிட்டாங்க. அந்தக் குரல் இப்ப இருக்கறது அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்லதான். இன்னொரு காப்பி எடுத்து வைக்கணும்னு பல வருஷமா நினைச்சுக்கிட்டு மட்டும் இருந்தவன் நான்.

அப்பதான் எனக்குள்ள தூங்கிக்கிட்டிருந்த இன்ஜினியர் முழிச்சான்.

"தம்பி, ஸ்பீக்கர் மாட்டிப் பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"ஒரு தடவை மாட்டிப் பாருங்களேன்."

அரை நிமிஷம் அமைதி. அப்புறம் போன்ல ஏதோ சினிமாப் பாட்டு கேக்குது. "சார்... சத்தம் வருதே சார்!"

அப்பா சந்தோஷமா அதே அஞ்சு பாலத்தையும் தாண்டி வீட்டுக்கு வந்து வயரை எல்லாம் மாட்டினார். பழையபடி ஊமை.

இந்த இடத்துல சாதாரணமா என்ன சொல்லுவோம்? "பேய் புடிச்சிருக்கு, பார்மட் போடு." ஆனா நிதானமா யோசிச்சா இதை விட நல்ல துப்பு கிடைக்காது. கடையில பாடுது, வீட்ல பாடலை. அப்படின்னா குத்தம் பொட்டிக்குள்ள இல்லை. கடைக்குப் போகாம வீட்லயே தங்கிட்ட ஏதோ ஒண்ணுலதான் இருக்கு.

ரெண்டு நாள்ல லீவு போட்டு ஊருக்கு வந்தேன். அப்பாவைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டேன். எங்களுக்குக் கடைமடையில ஆறு மா நிலம் இருக்கு.

"அப்பா, நம்ம வயலுக்குத் தண்ணி வரலைன்னா முதல்ல என்ன பண்ணுவீங்க?"

"மடையைப் பாப்பேன். அடைச்சிருக்கான்னு."

"மடை சரியா இருந்தா?"

"வாய்க்கா மேல ஏறி நடப்பேன். எந்த இடம் வரைக்கும் தண்ணி இருக்கோ, அதுக்கும் வயலுக்கும் நடுவுலதான் கோளாறு."

"மேட்டூர் டேமை இடிச்சுக் கட்டுவீங்களா?"

சிரிச்சார். பார்மட்ங்கறது அதுதான். கடைமடைக்குத் தண்ணி வரலைன்னு மேட்டூர்ல கடப்பாறையைப் போடறது.

கம்ப்யூட்டர்ல சத்தம் வர்றதும் ஒரு பாசன வாய்க்கால்தான். பாட்டை ஓட்டுற ப்ரோகிராம், அதுக்கப்புறம் விண்டோஸோட ஒலிக் கலவை, எந்தப் பக்கம் அனுப்பறதுங்கற தேர்வு, அப்புறம் டிரைவர், மதர்போர்டுல இருக்கற ஒலிச் சிப், பின்னாடி குழி, வயர், கடைசியா ஸ்பீக்கர். வயல்ல இருந்து மேல ஏறி நடந்தோம்.

ஸ்பீக்கர் வயரைக் கழட்டி அப்பாவோட செல்போன்ல சொருகினோம். பாடுச்சு. ஸ்பீக்கர், வயர், அதுக்குப் போற கரண்ட் எல்லாம் நிரபராதி.

பின்னாடி குழியைப் பாத்தோம். பச்சைக் குழி ஸ்பீக்கருக்கு, ரோஸ் மைக்குக்கு, வெளிர் நீலம் வெளியில இருந்து ஒலியை உள்ள வாங்க. இந்தக் கலர் வழக்கம் மைக்ரோசாப்டும் இன்டெலும் சேர்ந்து கொண்டு வந்த பிசி 99ங்கற வரையறையில இருந்து வந்தது. அதுக்கு முன்னாடி வாங்கின பொட்டியில எல்லாம் எந்தக் குழி எதுக்குன்னு டார்ச் அடிச்சுத்தான் பாக்கணும். எங்களோடது பச்சையிலதான் இருந்துச்சு.

மூணாவதா பாத்ததுதான் முக்கியம். ஸ்பீக்கர் ஐகான்ல இருந்து சவுண்ட் கண்ட்ரோல் பேனலுக்குப் போனா "பிளேபேக்"னு ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்துல சின்னதா பட்டை. பாட்டு ஓடும்போது அந்தப் பட்டை பச்சையா ஏறி இறங்கும். ஏறி இறங்கினா விண்டோஸ் தன் வேலையைச் செய்யுதுன்னு அர்த்தம். தண்ணி வாய்க்கால்ல ஓடுது. ஏறலைன்னா கோளாறு இன்னும் மேல.

எங்க வீட்ல பச்சைப் பட்டை ஜம்முன்னு ஏறி இறங்குச்சு. ஆனா "ஸ்பீக்கர்ஸ்"ங்கற வரிசையில இல்லை. மானிட்டர் பேர் போட்டிருந்த வரிசையில.

"அப்பா, இந்த மானிட்டர் எப்ப வந்துச்சு?"

"போன ஞாயித்துக்கிழமை. பழசு மஞ்சளா தெரிஞ்சுச்சுல்ல. பக்கத்து வீட்டுத் தம்பிதான் மாட்டிக் குடுத்தான்."

பழைய மானிட்டர் விஜிஏ வயர்ல இருந்துச்சு. விஜிஏ 1987-ல வந்தது, அதுல படம் மட்டும்தான் போகும். புது மானிட்டருக்கு எச்டிஎம்ஐ வயர். அதுல படத்தோட சேர்ந்து ஒலியும் போகும். வயரை மாட்டினதும் விண்டோஸ், "அட, புது ஸ்பீக்கர் வந்திருக்கு போல"ன்னு நினைச்சு மொத்தச் சத்தத்தையும் அந்தப் பக்கம் திருப்பி விட்டிருச்சு. அந்த மானிட்டர்ல ஸ்பீக்கரே கிடையாது, பின்னாடி இயர்போன் குழி மட்டும்தான். நம்ப முடியாம என் இயர்போனை அதுல சொருகிப் பாத்தேன். உள்ள கச்சேரி நடந்துக்கிட்டிருக்கு! ஒரு வாரமா யாருமே இல்லாத சபாவுல பாடிக்கிட்டிருந்திருக்கு.

அப்பா ஒரே வார்த்தையில சொன்னார். "நமக்கு விடவேண்டிய தண்ணியைக் கல்லணையில வெண்ணாத்துப் பக்கம் திறந்து விட்டுட்டான்."

கடையில ஏன் பாடுச்சுன்னும் புரிஞ்சிருச்சு. அங்க விஜிஏ வயர்ல பழைய மானிட்டர். எச்டிஎம்ஐ இல்லாததால சத்தம் தானா ஸ்பீக்கருக்குத் திரும்பிருச்சு. நோயை வீட்லயே விட்டுட்டு நோயாளியை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கோம். அன்னிக்கு பார்மட் போட்டிருந்தா, அத்தை குரலும் போய், வீட்டுக்கு வந்தப்புறம் திரும்பவும் ஊமையாத்தான் இருந்திருக்கும்.

சரி பண்ண எவ்வளவு நேரம்? ஸ்பீக்கர் வரிசையை "டிஃபால்ட்" ஆக்கினேன். மானிட்டர் வரிசையை டிஸேபிள் பண்ணினேன். பத்து செகண்ட்.

எல்லார் வீட்லயும் மானிட்டர்தான் காரணமா இருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா நடக்கற வழி ஒண்ணுதான். பச்சைப் பட்டை ஏறவே இல்லையா? பாட்டு ஓடற இடத்துலயோ, பிரவுசர் டேப்லயோ, வால்யூம் மிக்ஸர்லயோ மியூட் ஆகியிருக்கா பாருங்க. சர்வீசஸ் பட்டியல்ல "விண்டோஸ் ஆடியோ" ஓடுதான்னு பாருங்க. பட்டியல்ல ஒரு கருவியுமே இல்லையா? அப்ப சந்தேகம் டிரைவர் மேல. டிவைஸ் மேனேஜருக்குப் போய் "ரோல் பேக்" இருந்தா அழுத்துங்க. இல்லைன்னா அந்த டிரைவரை மட்டும் நீக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, விண்டோஸ் பொதுவான ஒண்ணைத் தானா போட்டுக்கப் பாக்கும். இதுல எதுவும் உங்க போட்டோவையோ பாட்டையோ தொடாது.

உண்மையிலயே யாரும் ஒண்ணும் பண்ணாம சத்தம் போறதும் உண்டு. 2018 அக்டோபர்ல தப்பான ஒரு இன்டெல் ஆடியோ டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியா போய், பல பேரோட விண்டோஸ் 10 மெஷின் ஊமையாச்சு. அதை நீக்கறதுக்குன்னே மைக்ரோசாப்ட் தனியா ஒரு அப்டேட் விட்டாங்க. 2024 டிசம்பர்ல விண்டோஸ் 11-ஓட 24எச்2 பதிப்புக்கு மாறின சில மெஷின்கள்ல, டிராக் நிறுவனத்தோட ஒலி மென்பொருள் இருந்ததால சத்தம் நின்னுச்சு. 2025 ஜனவரி அப்டேட்டுக்கு அப்புறம் யூஎஸ்பியில மாட்டுற சில ஒலிக்கருவிகள் வேலை செய்யலை. மூணையும் அவங்களே ஒத்துக்கிட்டாங்க. இந்த மாதிரி சமயத்துல அந்த டிரைவரையோ அப்டேட்டையோ பின்வாங்கினா போதும். பார்மட்டுக்கு இங்கயும் வேலை இல்லை.

விண்டோஸ் 10 விஷயத்தையும் சொல்லிடறேன், ஏன்னா இப்ப எந்தக் கோளாறுக்கும் அதைக் காரணமா சொல்றாங்க. 2025 அக்டோபர் 14-ஓட அதுக்கு ஆதரவு முடிஞ்சது நிஜம். அதுக்கு மேல வழக்கமான பாதுகாப்பு அப்டேட் வராது. மாத்தறது நல்லதுதான், மாத்தணும். ஆனா அந்த ராத்திரி யாரும் வந்து ஸ்பீக்கர் வயரைப் புடுங்கலை.

"மதர்போர்டு போச்சு சார்"னு சொன்னாலும் பயந்துடாதீங்க. லினக்ஸை ஒரு பென்டிரைவ்ல போட்டு, ஹார்ட் டிஸ்கைத் தொடாம அதுல இருந்தே பூட் பண்ணலாம். அதுல சத்தம் வந்தா இரும்பு நல்லா இருக்கு, குறை மென்பொருள்ல. ஒருவேளை ஒலிச் சிப் நிஜமாவே செத்திருந்தாலும், சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்குது. அதுக்காக மதர்போர்டை மாத்தறது சொந்தச் செலவுல சூனியம்.

இப்ப கடைக்காரப் பையன் பக்கம் வர்றேன். அவன் மேல எனக்குக் கோவம் இல்லை. பார்மட்னா அவனுக்கு ஒரு மணி நேரம், ஒரு ரேட்டு, நிச்சயம். அதுவே ஒரு மணி நேரம் உக்காந்து யோசிச்சு, "மானிட்டர் வயர்தான் காரணம், பத்து செகண்ட் வேலை"ன்னு சொன்னா நாம என்ன குடுப்போம்? "ஒரு கிளிக்குக்கு ஐநூறு ரூபாயா?"ன்னு சண்டை போடுவோம். டாக்டர் நாடி புடிச்சுப் பாக்கறதுக்குக் காசு குடுக்கறோம், ஊசி போடாட்டியும் குடுக்கறோம். கம்ப்யூட்டரைப் பாக்கறவனுக்கு மட்டும் ஊசி போட்டாத்தான் காசு. அப்புறம் அவன் ஊசி போடாம என்ன செய்வான்? என்ன கோளாறுன்னு கண்டுபுடிக்கறதுக்குத் தனியாக் காசு குடுக்கறதுன்னு நாம பழகினாலே பாதி பார்மட் நின்னுரும்.

ஆனா பார்மட் போடறதுக்கு முன்னாடி "உள்ள முக்கியமான எதுனா இருக்கா?"ன்னு கேக்கறது மட்டும் இலவசம். அதை அவன் கேக்கலை. கேட்டிருக்கணும். சரி, நான் கேட்டேனா? நானும்தான் கேக்கலை. கேட்டது, கம்ப்யூட்டரைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு நாங்க நினைச்சுக்கிட்டிருக்கற எங்கப்பா.

இதுல எனக்கு ரொம்ப உறுத்தினது நான் கேட்ட கேள்விதான். "என்னத்தை மாத்துனீங்க?" அது ஒரு போலீஸ்காரன் கேள்வி. அதுக்கு வீட்ல இருக்கற பெரியவங்க எல்லாருக்கும் ஒரே பதில்தான் வரும், "ஒண்ணுமே பண்ணலை." அவங்க பொய் சொல்லலை. மானிட்டர் மாட்டினது ஞாயித்துக்கிழமை, அப்பா பாட்டு போட்டது செவ்வாய்க்கிழமை. அவர் கணக்குல மானிட்டர் படத்துக்கு, ஸ்பீக்கர் சத்தத்துக்கு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை. "கடைசியா எப்பப்பா சத்தம் கேட்டுச்சு? அதுக்கப்புறம் வீட்ல புதுசா என்ன வந்துச்சு?"ன்னு நான் கேட்டிருந்தா, அந்த முதல் போன்லயே முடிஞ்சிருக்கும். முட்டி வலியோட அஞ்சு பாலத்தைத் தாண்டிப் போயிட்டு வந்திருக்க வேண்டாம். ஆபீஸ்ல ஒரு கஸ்டமர் புகார் குடுத்தா இந்த ரெண்டு கேள்வியைத்தான் முதல்ல கேக்கறேன். அங்க சம்பளம் குடுக்கறாங்க, இங்க அப்பாதானேன்னு ஒரு அலட்சியம். வேறென்ன?

அன்னிக்கு ராத்திரியே பதினோரு கேசட்டையும் ரெண்டு இடத்துல காப்பி எடுத்தேன். ஒண்ணு பென்டிரைவ்ல பீரோவுக்குள்ள, இன்னொண்ணு என் லேப்டாப்ல. பல வருஷமா தள்ளிப் போட்ட வேலை, இருபது நிமிஷத்துல முடிஞ்சிருச்சு.

ஆராதனை அன்னிக்குக் காலையில அப்பா ஈசி சேர்ல உக்காந்தார். எங்க வீடு ஆத்துக்குப் பக்கம். வெளியில மைக் செட்ல நாட்டை முதல்ல கேக்குது, அதே வரி கம்ப்யூட்டர்ல கொஞ்சம் தாமதமா வருது. ஐயாறப்பர் கோயில் பிராகாரத்துல ஒரு மூலையில நின்னு கூப்பிட்டா குரல் ஏழு தடவை திரும்பி வரும்னு ஊர்ல சொல்லுவாங்க. வீட்டுக்குள்ளயே அப்படி ஒரு எதிரொலி. "ஜன்னலைச் சாத்தட்டுமா?"ன்னு கேட்டேன். "இருக்கட்டும்ப்பா, ரெண்டும் கேக்கட்டும்"னார்.

சாயங்காலம் அவரே மவுஸை எடுத்து அத்தை பாட்டைத் தேடிப் போட்டார். நடுவுல ஒரு இடத்துல அத்தை நிறுத்தி, யாரோ ஒரு புள்ளைகிட்ட "தாளத்தை விடாத"ன்னு அதட்டுவாங்க. அந்த இடம் வந்ததும் அப்பா லேசா சிரிச்சார். நான் அடுப்படிப் பக்கம் போயிட்டேன்.

பி.கு.: உங்க வீட்டுப் பொட்டியில அந்த மாதிரி ஒரு குரல் இருந்தா, இன்னிக்கு ராத்திரி ஒரு காப்பி எடுத்து வச்சிருங்க. சத்தம் போற வரைக்கும் காத்திருக்காதீங்க.